தொடுதல் யாருக்குச் சொந்தம்? பார்வையற்றவர் கேம் விளையாட ஐபோனா, ஆண்ட்ராய்டா?

பார்வையற்ற ஒருவர் புதுப் போன் வாங்கப் போகிறார் என்று தெரிந்தால் போதும், சுற்றியிருப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். மெயில் படிக்க, மெசேஜ் அனுப்ப, பணம் அனுப்ப, செய்தி கேட்க என்று பார்த்தால் இந்தச் சண்டைக்கு இன்று அவ்வளவு அவசியமில்லை. திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளை ஸ்கிரீன் ரீடர் என்பார்கள். ஐபோனின் ஸ்கிரீன் ரீடரான வாய்ஸ்ஓவரும் ஆண்ட்ராய்டின் டாக்பேக்கும் இந்த வேலைகளைப் பழுதில்லாமல் செய்கின்றன. பழகிய கைக்கு எது பழக்கமோ அதுவே நல்லது. ஆனால் கேள்வி கேம் பக்கம் திரும்பினால் இரண்டும் சமமில்லை. அந்த வேறுபாட்டைப் பெரும்பாலான ஒப்பீடுகள் கவனிப்பதே இல்லை. வசதிகளின் பட்டியலைப் போட்டு ‘அதிலும் உண்டு, இதிலும் உண்டு’ என்று முடித்துவிடுகிறார்கள்.

கொஞ்சம் பழைய கதை. 2009 ஜூனில் வந்த ஐபோன் 3ஜிஎஸ் வாய்ஸ்ஓவரோடு வந்தது. அதே ஆண்டு ஆண்ட்ராய்டு 1.6இல் டாக்பேக் வந்தது. ஆண்டு ஒன்றுதான், ஆனால் தொடுதிரையை விரலால் தடவிப் பார்த்து என்ன இருக்கிறது என்று கேட்கும் வசதி ஆண்ட்ராய்டுக்கு 4.0 பதிப்பில்தான், அதாவது 2011இல்தான் கிடைத்தது. இந்த இடைவெளியில் ஒலியை மட்டுமே நம்பிக் கேம் செய்தவர்கள் ஐபோனில் கடை விரித்துவிட்டார்கள். 2010இல் வந்த ‘பாப்பா சாங்ரே’ அந்தக் காலத்து அடையாளம்: திரையில் பார்க்க எதுவுமில்லை, காதுதான் வழிகாட்டி. அன்று கிடைத்த முந்துதலின் பலனை ஐபோன் இன்றும் அனுபவிக்கிறது.

இனி முக்கியமான விஷயம். ஸ்கிரீன் ரீடர் ஓடும்போது உங்கள் விரல் உங்களுடையது இல்லை, ஸ்கிரீன் ரீடருடையது. ஒருமுறை தொட்டால் பட்டன் இயங்காது, அதன் பெயர் மட்டும் கேட்கும். இருமுறை தட்டினால்தான் இயங்கும். வலப்பக்கம் ஸ்வைப் செய்தால் அடுத்த பொருளுக்குப் போகும். ஆப் பயன்படுத்த இது அருமையான ஏற்பாடு. கேமுக்கோ இதுவே தலைவலி. வாள் வீச, குதிக்க, திரும்ப எல்லாவற்றுக்கும் கேம் எதிர்பார்ப்பது அதே ஸ்வைப்பைத்தான். நடுவில் ஸ்கிரீன் ரீடர் கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டால் கேமுக்கு ஒன்றும் போய்ச் சேராது.

2015இல் பிரான்சின் டோவினோ நிறுவனம் வெளியிட்ட ‘எ பிளைண்ட் லெஜண்ட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு போன்களிலும் கிடைத்த கேம். நீங்கள் பார்வையற்ற வீரன் எட்வர்ட் பிளேக். மகள் லூயிஸ் குரல் கொடுத்து வழி காட்டுகிறாள். இடது காதில் காலடிச் சத்தம் நெருங்கினால் இடப்பக்கம் ஸ்வைப் செய்து வெட்ட வேண்டும். அரை நொடி தாமதித்தால் அடி உங்களுக்கு. இப்படிப்பட்ட சண்டையில் விரலுக்கும் கேமுக்கும் நடுவே யாரும் நிற்கக் கூடாது.

ஐபோனில் இதற்கு ஒரு முறையான ஏற்பாடு உண்டு. ‘திரையின் இந்தப் பகுதியில் விரலை நேரடியாக என்னிடம் விடு’ என்று கேமே வாய்ஸ்ஓவரிடம் கேட்டுக்கொள்ளலாம். மெனுவில் வாய்ஸ்ஓவர் வழக்கம்போல் படிக்கும், சண்டைக்களத்தில் ஒதுங்கி நிற்கும், சண்டை முடிந்ததும் மறுபடி வரும். ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் 17ஆம் பதிப்பில் இதை இன்னும் மெருகேற்றினார்கள்: அந்தப் பகுதியைத் தொடும்போது வாய்ஸ்ஓவர் பேசாமல் இருக்க வேண்டுமா, ஒருமுறை இயக்கிய பிறகுதான் நேரடித் தொடுதல் தொடங்க வேண்டுமா என்பதையும் கேமே சொல்லிவிடலாம். ஆட்டக்காரருக்கு இது எதுவும் தெரியவே வேண்டாம். தெரியாமல் நடப்பதுதான் இதன் அழகு.

ஆண்ட்ராய்டில் இந்த அளவுக்கு எளிய வழி கேம் செய்பவருக்கு இல்லை. அதனால் பல ஆடியோ கேம்கள் பொறுப்பை ஆட்டக்காரர் தலையில் கட்டிவிடுகின்றன: ‘டாக்பேக்கை நிறுத்திவிட்டு விளையாடவும்.’ இரண்டு ஒலியளவு பட்டன்களையும் மூன்று நொடி சேர்த்து அழுத்திப் பிடித்தால் டாக்பேக் நின்றுவிடும். மெனு, மதிப்பெண் எல்லாவற்றையும் கேம் தன் குரலிலேயே சொல்லும். நன்றாகச் செய்த கேம் என்றால் பாதிநேரம் ஒரு குறையும் தெரியாது. சிக்கல் எப்போது வரும் என்றால், கேமுக்கு மேலே வேறு ஏதாவது வந்து உட்காரும்போது. பேட்டரி குறைகிறது என்று ஒரு பெட்டி, விளம்பரம் ஒன்று, அனுமதி கேட்கும் சிறு சாளரம். கேம் அமைதியாகிவிடும், போனும் பேசாது. என்ன வந்தது என்று தெரிய மறுபடி இரண்டு பட்டன்கள், மூன்று நொடி. பெட்டியை மூடிவிட்டு இன்னொரு மூன்று நொடி. அதற்குள் களத்தில் உங்கள் ஆள் செத்திருப்பான்.

இது டாக்பேக் மோசம் என்பதற்காகச் சொல்வதில்லை. 2021இல் வந்த 9.1 பதிப்பு மூன்று, நான்கு விரல் சைகைகளைக் கொண்டுவந்த பிறகு அன்றாடப் பயன்பாட்டில் அது வேறு பிறவியாகவே மாறிவிட்டது. பிரச்சினை கேம் விளையாடும் அந்த ஒரு இடத்தில்தான்.

எல்லாக் கேமுக்கும் விரல் வேகம் தேவையா என்றால், இல்லை. இங்கேதான் ஐபோன் கட்சிக்காரர்கள் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள். பகடை உருட்டும் ‘டைஸ் வேர்ல்ட்’, படித்துத் தேர்வு செய்யும் கதை விளையாட்டுகள், சீட்டாட்டம், வினாடி வினா ஆகியவை இரண்டிலும் ஒன்றுபோலவே ஓடும். இவற்றில் இருப்பது எழுத்தும் பட்டனும்தான், ஸ்கிரீன் ரீடருக்குச் சொந்த ஊர் மாதிரி. உங்கள் ரசனை இந்தப் பக்கம் என்றால் போன் மாற்றக் காரணமே இல்லை.

ஆனால் நுணுக்கமாகச் செய்த சில கேம்கள் வாய்ஸ்ஓவரை மனதில் வைத்து ஐபோனுக்கு வந்தன. 2011இல் ஐபோனுக்கு வந்த ‘கிங் ஆஃப் டிராகன் பாஸ்’ ஓர் உதாரணம்: ஓர் இனக்குழுவை ஆண்டுக்கணக்கில் ஆளும் பெரிய உத்தி விளையாட்டு, வாய்ஸ்ஓவரில் முழுதாக ஆடலாம். அதே நிறுவனம் 2018இல் கொண்டுவந்த ‘சிக்ஸ் ஏஜஸ்’ அந்த வழியிலேயே போனது. ‘பிளைண்ட்ஃபோல்டு’ என்று தொடங்கும் பெயர்களோடு டஜன் கணக்கில் வந்த சின்னச் சின்ன கேம்களும் ஐபோனுக்கு மட்டும் செய்தவை. அவற்றில் சில சுமார் ரகம்தான். இருந்தாலும் தேர்ந்தெடுக்க நிறைய இருப்பது தனி சுகம்.

பார்வையுள்ள எல்லோரும் ஆடும் பிரபலமான கேம்கள்? பெரும்பாலும் இரண்டிலும் பூஜ்யம். யூனிட்டி போன்ற எஞ்சினில், அதாவது கேம் உருவாக்கும் மென்பொருளில், செய்த கேம் திரை முழுவதையும் தானே வரைந்துகொள்கிறது. ஸ்கிரீன் ரீடருக்கு அது ஒரே ஒரு வெற்றுப் பலகை, ஸ்வைப் செய்தால் நகர இடமில்லை. வழி இல்லாமலில்லை. ஆப்பிள் 2022இல் கேமை வாய்ஸ்ஓவர் படிக்க உதவும் பிளகின் (இணைப்பு மென்பொருள்) ஒன்றை யூனிட்டிக்காக வெளியிட்டது. 2023.2 பதிப்பிலிருந்து யூனிட்டியே மொபைல் ஸ்கிரீன் ரீடர்களுக்கான கருவிகளைத் தருகிறது, அது இரண்டு போன்களுக்கும் பொருந்தும். ஆனால் ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் எழுத யாராவது உட்கார வேண்டும். அந்த யாராவதுதான் கிடைப்பதில்லை.

அதுவரை ஒப்பேற்ற இரண்டு பக்கமும் குறுக்குவழி வைத்திருக்கின்றன. ஐஓஎஸ் 14இல் வந்த திரை அறிதல் வசதி, பெயரில்லாத பட்டன்களைப் படமாகப் பார்த்து ஊகித்துச் சொல்லும். கூகுளின் செயற்கை நுண்ணறிவான ஜெமினி சேர்ந்த பிறகு டாக்பேக் படங்களை விவரிக்கும். 2025இலிருந்து திரையில் இருப்பதைப் பற்றி நீங்கள் கேள்வியே கேட்கலாம். இந்த ஒன்றில் ஆண்ட்ராய்டைத்தான் நான் ரசிக்கிறேன். ‘என்னிடம் எத்தனை நாணயம் இருக்கிறது?’ என்று கேட்டுப் பதில் வாங்குவது, ஊகித்த பட்டன்களை ஒவ்வொன்றாகத் தடவுவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் உங்கள் முறைக்காகக் காத்திருக்கும் கேமில்தான் இதெல்லாம் நடக்கும். ஓடிக்கொண்டே இருக்கும் கேமில் பதில் வருவதற்குள் கதை முடிந்துவிடும்.

ஒலி பற்றிச் சுருக்கமாக. தொட்டதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவிலுள்ள தாமதம் ஐபோன்களில் குறைவு, மாடலுக்கு மாடல் அதிகம் மாறாது. ஆண்ட்ராய்டில் அது போனைப் பொறுத்தது. எந்தப் போனானாலும் புளூடூத் ஹெட்போனைத் தவிர்த்து வயர் உள்ளதை மாட்டுங்கள். அணுகல்தன்மை அமைப்புகளில் மோனோ ஆடியோ ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆகியிருந்தால் இடது, வலது என்ற பேச்சே இருக்காது, எதிரி எங்கிருந்து வந்தாலும் நடு மண்டையில்தான் கேட்பான்.

அப்டேட் விஷயத்தில் ஆளுக்கொரு குறை. டாக்பேக் பிளே ஸ்டோர் வழியே தனியாகவும் புதுப்பிக்கப்படுகிறது. வாய்ஸ்ஓவரில் பிழை வந்தால் அடுத்த ஐஓஎஸ் வரும்வரை காத்திருக்க வேண்டும். தவிர, ஆப்பிள் பழையதைத் தயங்காமல் கழற்றிவிடும். 2017இல் ஐஓஎஸ் 11 வந்தபோது 32 பிட் என்ற பழைய வகை ஆப்கள் திறப்பதே நின்றது. செய்தவர்கள் கைவிட்ட எத்தனையோ கேம்கள் அதோடு போயின. ஆடியோ கேம் செய்பவர்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு பேர் கொண்ட குழு. மறுபடி உட்கார்ந்து திருத்த அவர்களுக்கு ஆள் ஏது?

என் கணக்கு இதுதான்: கை வேகத்தில் ஆடும் ஒலி விளையாட்டுகளும் பெரிய உத்தி விளையாட்டுகளும் வேண்டுமென்றால் ஐபோன், புது மாடல்தான் வேண்டும் என்றில்லை. சீட்டு, பகடை, கதை போதுமென்றால் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டே போதும். புழக்கத்திலிருக்கும் போனைக் கேம்களுக்காக மட்டும் மாற்றி, பழகிய சைகைகளையெல்லாம் மறந்து புதிதாகக் கற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஐபோன் பக்கம் சாய்கிறவர்களுக்கு ஒன்று. ஒரு கேம் வாய்ஸ்ஓவருக்கு ஒத்துழைக்குமா என்பதை ஆப் ஸ்டோரில் அதன் பக்கத்திலேயே குறிப்பிடும் ஏற்பாட்டை ஆப்பிள் 2025இல் அறிவித்தது. அதை நிரப்புவது கேம் செய்தவர்தான். குறிப்பு இருந்தாலும் இலவசப் பகுதியை முதலில் இறக்கி, மெனுவிலிருந்து முதல் கட்டம்வரை யாருடைய உதவியும் இல்லாமல் போக முடிகிறதா என்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.