ஓபோ ரீடு: லாங் ஸ்கிரேப்பா ஷார்ட் ஸ்கிரேப்பா?

நான் மார்த்தாண்டம் பக்கம் சர்ச் கொயர்ல ஓபோங்கற ஊதுற வாத்தியம் வாசிக்கேன். இங்க சுத்துவட்டாரத்துல எந்தக் கடையிலயும் அதுக்கான ரீடு, அதாவது வாயில வச்சு ஊதுற நாக்கு, கிடைக்கல, அதனால கையால செஞ்ச ரீடு நாலு வெளிய இருந்து வரவழைச்சேன். ரெண்டு அமெரிக்கன் லாங் ஸ்கிரேப், ரெண்டு ஐரோப்பியன் ஷார்ட் ஸ்கிரேப். ரெண்டு மாசம் மாத்தி மாத்தி வாசிச்சுப் பாத்துட்டுதான் எழுதுறேன்.

நாதஸ்வர சீவாளி பாத்தவங்களுக்கு சட்டுனு புரியும், ரெண்டு நாக்கு சேந்து அதிருறதுதான் இதுலயும் சத்தம். எங்க வரைக்கும் சீவியிருக்காங்கங்கறதுலதான் வித்தியாசம். ஷார்ட்ல நுனிப் பக்கம் கொஞ்சம்தான் சீவியிருக்கும், அதுக்குக் கீழ பட்டை அப்படியே இருக்கும். லாங்ல நூல் கட்டுக்குக் கிட்ட வரைக்கும் போகும், நடுவுல முதுகெலும்பு மாதிரி ஒரு வரி விட்டு ரெண்டு பக்கமும் ஜன்னல் மாதிரி மெலிசா சீவி எடுத்திருப்பாங்க. பிலடெல்பியா ஆர்க்கெஸ்ட்ராவுல 1915ல இருந்து 1954 வரைக்கும் வாசிச்ச மார்செல் டபுட்டோ வழியாதான் இந்த ஸ்டைல் அமெரிக்கா முழுக்க பரவிச்சு.

ஷார்ட் ஸ்கிரேப் ஊதினதும் பேசுது, சத்தம் நல்ல பளிச்சுனு இருக்கு, மெதுவா வாசிக்கும்போது பாட்டுல ஒரு உயிர் வருது, அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. ஆனா உதடுதான் சுருதியைப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். எங்க கீபோர்டு சுருதி 440 ஹெர்ட்ஸ்லதான் (ஏ ஸ்வரம்) நிக்கும், எனக்கு இந்த ரீடு எப்பவும் ஒரு பொடி மேல ஏறியே நின்னுது, நாலு பாட்டு முடியுறதுக்குள்ள வாய் வலிச்சுப் போச்சு.

லாங் ஸ்கிரேப்பை வெள்ளத்துல ரெண்டு மூணு நிமிஷம் ஊறப்போட்டு, ரீடை மட்டும் வாயில வச்சு ஊதினா மேலயும் கீழயுமா ரெண்டு ஸி (C) ஸ்வரம் சேந்து கேக்கும், அது கேட்டா ரீடு சரியா இருக்குன்னு அர்த்தம். மேல் ஸ்வரம் ஆடாம நிக்குது, சத்தமும் கனமா கொயரோட ஒட்டிப் போகுது. மூச்சு மட்டும் கூடுதலா வேணும்.

இன்னொண்ணு நம்ம காலநிலை. இடவப்பாதி மழையில ரீடோட நுனி வாய் விரிஞ்சு, ஊத கட்டியாயிடும். அதே ரீடை ஆரல்வாய்மொழி தாண்டி பாளையங்கோட்டையில ஒரு கல்யாணத்துக்குக் கொண்டுபோனேன், அந்தக் காஞ்ச காத்துல வாய் மூடிப்போச்சு. லாங் ஸ்கிரேப்ல சீவ இடம் நெறைய இருக்கதால கத்தியால பின்பக்கம் லேசா தொட்டு நானே சரி பண்ணிக்கிட்டேன். ஷார்ட்ல தப்பா ஒரு தடவ சீவினேன், ரீடு போச்சு.

ஒரு ரீடு கூரியர்ல நுனி உடைஞ்சுதான் வந்துது, அதனால பெட்டியில அடைச்சு அனுப்பச் சொல்லுங்க.

தனியா சோலோ வாசிக்கவங்க ஷார்ட் எடுங்க. எனக்கு லாங்தான், கிறிஸ்மஸுக்கு மீடியம் சாஃப்ட்ல (ரொம்பக் கட்டியில்லாத ரகம்) இன்னும் ரெண்டு சொல்லியிருக்கேன்.