பெண்கள் பாதுகாப்புச் செயலி: தெருவுக்குச் சரி, வீட்டுக்கு?

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதுவும் அவசரப் பொத்தானுக்காக மட்டும். பவர் பட்டனை மூன்று முறை தட்டினால் போனைத் திறக்காமலேயே நாம் சேர்த்துவைத்த ஆட்களுக்கு இருப்பிடத்தோடு செய்தி போய்விடுகிறது. தோழியை வைத்துச் சோதித்தேன், சொன்னபடி வேலை செய்கிறது. இரவில் தனியாகப் போகிறவர்களுக்கு உதவும், மறுக்கவில்லை.

ஆனால் இருட்டில் பின்தொடரும் முகம் தெரியாத ஆளை மட்டுமே மனதில் வைத்து இதைச் செய்திருக்கிறார்கள். உலக சுகாதார அமைப்பின் 2021 மதிப்பீட்டின்படி ஏறக்குறைய மூன்றில் ஒரு பெண் வாழ்நாளில் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையைச் சந்திக்கிறார், அதில் பெரும்பங்கு கணவனோ துணைவனோ செய்வது. 2023இல் மட்டும் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் துணைவர் அல்லது குடும்பத்தினர் கையால் கொல்லப்பட்டதாக ஐ.நா. கணக்கு. வீட்டுக்குள்ளேயே இருக்கும் அந்த ஆளுக்கு நம் போன் பாஸ்வேர்டே தெரிந்திருக்குமே!

இதில் பதிவு செய்யும்போது முதல் பாதுகாவலர் கட்டத்தில் 'கணவர்' என்று தானாகவே வந்து நிற்கிறது. சரி, மாற்றிக்கொள்ளலாம் என்றாலும், இருப்பிடப் பகிர்வை நிறுத்திய அடுத்த நொடி பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் தகவல் போகிறது. அடிக்கிறவனை விட்டுக் கிளம்பும் நேரமும் அதற்கடுத்த நாட்களும்தான் ஆபத்து அதிகம் என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், அந்த நேரம் பார்த்து இது அவனுக்கே செய்தி அனுப்பினால் என்ன செய்வது? அப்புறம் அவசரச் செய்தியோடு சேர்ந்து அலறும் சைரன். தெருவில் அலறினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், பூட்டிய வீட்டுக்குள் அலறினால் முதலில் உடைவது போன்தான். சத்தமில்லாமல் செய்தி அனுப்ப வழியே வைக்கவில்லை.

'வன்முறை என்றால் என்ன' பக்கத்தில் அடி, உதை, பாலியல் தாக்குதல், அவ்வளவுதான். சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, யாரிடம் பேசினாய் என்று போனை நோண்டுவது, சொந்தபந்தத்தோடு ஒட்டவிடாமல் செய்வது பற்றி ஒரு வரி கிடையாது. உளவியல் துன்பம் தருவதும் வன்முறைதான் என்று 1993லேயே ஐ.நா. பிரகடனம் சொல்லிவிட்டது. 'உடையில் கவனம் தேவை' என்று மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறார்கள்! ஆண்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்ல ஒரு பக்கமாவது ஒதுக்கினார்களா என்று தேடினேன், இல்லை.

நண்பர்களுக்கான பக்கம் மட்டும் பரவாயில்லை. 'ஏன் இன்னும் அவனோடு இருக்கிறாய்' என்று கேட்காமல், அவள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள், நம்புங்கள் என்கிறது.

வீட்டில் இருப்பவனுக்குப் பயந்து இதைத் தேடுகிறீர்கள் என்றால் தயவுசெய்து நிறுவ வேண்டாம். அவன் கைக்குப் போகாத வேறொரு போனிலிருந்து உதவி எண்ணுக்கு அழையுங்கள்.