விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் 40 ரூபாய் நோட்டுப் புத்தகமும்

சென்னை தண்டையார்பேட்டையில் 26 ஆண்டுகள் விறகடுப்பில் இட்லிக்கடை நடத்தியவள் நான். பீடி, சிகரெட் பக்கம் போனதே இல்லை. ஆனாலும் குழாயில் ஊதச் சொல்லிச் சோதித்த டாக்டர் ‘சிஓபிடி’ என்றார், மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு விடச் சிரமமாகும் நாள்பட்ட நுரையீரல் நோய். அடுப்புப் புகையாலும் இந்த நோய் வரும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மருந்துக்கடையில் 950 ரூபாய் கொடுத்து, ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் என்று காட்டும் ஆக்சிமீட்டர் வாங்கி 14 மாதங்கள் ஆகின்றன. எண்கள் பெரிதாகத் தெரிகின்றன, மூக்குக்கண்ணாடியைத் தேட வேண்டியதில்லை. பேட்டரி நீண்ட நாள் உழைக்கிறது. ஒரு முறை பாத்திரம் கழுவிய கையோடு மாட்டியபோது 86 காட்டியது, வீடே பதறிவிட்டது. கையைத் தேய்த்துச் சூடாக்கியதும் 94. அதிலிருந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்து, எண் ஆடாமல் நின்ற பிறகே பார்க்கிறேன்.

உள்ளே இருந்த விளக்கத்தாளில் ஒரு வரி கூடத் தமிழில் இல்லை. அது பெரிய குறை. கறுத்த தோலில் இந்தக் கருவிகள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2021-லேயே எச்சரித்திருக்கிறது. நம் ஊரில் விற்கும் பெட்டியில் அதை அச்சடிக்க வேண்டாமா?

இன்னொரு குறை, நேற்றைய எண்ணை என் கருவி வைத்துக்கொள்வதில்லை. அதற்காகத்தான் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். தினமும் காலையில் காபிக்கு முன் எழுதுவேன்: ஆக்சிஜன், சளியின் நிறம், மூச்சு முட்டும்போது உடனே அடிக்கும் நீல இன்ஹேலரை எத்தனை முறை அடித்தேன், இரவில் மூச்சு முட்டாமல் படுக்க எத்தனை தலையணை, வெளியே போன நாளில் மெட்ரோ படிக்கட்டில் எத்தனை இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன்.

கார்த்திகை மழையில் மூன்று நாள் ஆக்சிஜன் 94, 94, 93. “நன்றாகத்தானே இருக்கிறது, அம்மா” என்றான் மகன். நோட்டைப் பிரித்துக் காட்டினேன். சளி முதல் நாள் வெள்ளை, அடுத்த நாள் மஞ்சள், மூன்றாம் நாள் பச்சை, அளவும் கூடியிருந்தது. இன்ஹேலர் 2, 4, 7. ஒரு தலையணை மூன்றாகியிருந்தது. அன்றே டாக்டரிடம் போனோம். மூச்சிரைப்பு கூடி, சளியும் கூடி, அதன் நிறமும் மாறினால் நோய் தீவிரமாகிறது என்று பொருள், ஆக்சிஜன் இறங்கும்வரை காத்திருக்கக் கூடாது என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டிலிருந்தபடியே தேறினேன். அதற்கு முந்தைய ஆண்டு இதே போல் வந்தபோது நோட்டும் இல்லை, கருவியும் இல்லை. ‘நாளைக்குச் சரியாகிவிடும்’ என்றே நாளைக் கடத்தி, ஒன்பது நாள் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தேன்.

ஆக்சிமீட்டரை வாங்குங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். எந்த எண்ணுக்குக் கீழே போனால் ஓடிவர வேண்டும் என்பதை உங்கள் டாக்டரிடமே கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எல்லா உடம்புக்கும் ஒரே எண் கிடையாது.

இப்போது இரண்டாவது நோட்டு ஓடுகிறது. இதில் ‘நெடி’ என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். ஆலைகள் நிறைந்த மணலிப் பக்கமிருந்து காற்று நெடியோடு வரும் நாளில் அங்கே ஒரு புள்ளி வைப்பேன். போகியன்று டயர் புகையையும் அதில்தான் எழுதினேன். அன்றைக்கு இன்ஹேலர் ஆறு முறை.