பழைய கேம்ரி ஹைபிரிட், புது கேம்ரி ஹைபிரிட்: பாண்டி–கடலூர் சாலையில் இரண்டையும் ஓட்டிய அனுபவம்

எங்கள் குடும்பத்தில் டொயோட்டா கேம்ரி ஹைபிரிட், அதாவது பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார், இரண்டு ஓடுகின்றன. ஒன்று 2015-இல் அப்பா வாங்கியது; இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் அண்ணனிடம் இருக்கிறது. இன்னொன்று 2019-இல் அறிமுகமான அடுத்த தலைமுறை வண்டி; புதுச்சேரியில் என்னிடம் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி, சென்னை ஏர்போர்ட் என்று எது வந்தாலும் எந்த வண்டி தோதோ அதை மாற்றி எடுத்துக்கொள்வோம். அதனால் இரண்டையும் ஒரே சாலையில், ஒரே வெயிலில், ஒரே உப்புக் காற்றில் பல வருடமாக ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்திருக்கிறது.

தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். “பழைய மாடல் செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைக்கிறது, எடுக்கலாமா? பாட்டரி போய்ப் பெரிய செலவு வைத்துவிடுமா?” என் பதில்: ஹைபிரிட் என்கிற சங்கதி பழைய வண்டியிலேயே நன்றாகத் தேறிவிட்டது. புதியதில் முன்னேறியது பெரும்பாலும் வண்டியின் உடம்பு. உங்கள் வீட்டில் யார் ஏறி இறங்குகிறார்கள், உங்கள் தெருவில் மழைக்கு எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பாட்டரியை நினைத்துப் பயப்படாதீர்கள்.

கொஞ்சம் பின்கதை சொல்லிவிடுகிறேன். கேம்ரி ஹைபிரிட் 2013-இல் பெங்களூருக்குப் பக்கத்து பிடதி ஆலையிலேயே தயாராகி இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அப்பா வாங்கியபோது மின், ஹைபிரிட் வண்டிகளுக்கான மத்திய அரசின் ஃபேம் திட்ட மானியமும் இருந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, அதுவரை 30 சதவீதத்தை ஒட்டியிருந்த வரி, செஸ்ஸோடு சேர்த்து 43 சதவீதமாக ஏறியது. பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் வண்டியை வெறும் சொகுசு வண்டியோடு ஒரே தட்டில் வைத்தது சரியே இல்லை என்பது என் கருத்து. 2025 செப்டம்பரில்தான் அது 40 சதவீதத்துக்கு வந்தது. அடுத்த தலைமுறை 2019 ஜனவரியில் வந்தபோது ஷோரூம் விலையே 36.95 லட்சம்.

இரண்டிலும் 2.5 லிட்டர் நாலு சிலிண்டர் எஞ்சின், இரண்டு மின் மோட்டார், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பாட்டரி. ஆனால் உள்ளே வித்தியாசம் இருக்கிறது. பழைய எஞ்சின் 160 குதிரைத்திறன், புதியது 178. மோட்டாரைப் பார்த்தால் தலைகீழ்: பழையதன் டார்க் (சுழற்றும் விசை) 270 நியூட்டன் மீட்டர், புதியதில் 202தான். மோட்டாரைச் சின்னதாக்கிவிட்டு வண்டி எப்படி விறுவிறுப்பாகப் போகிறது என்று எனக்கும் முதலில் புரியவில்லை. புதியதில் மோட்டாருக்கான பல்சக்கர அமைப்பையே மாற்றி, மோட்டாரை இன்னும் வேகமாகச் சுழல விட்டிருக்கிறார்கள். எஞ்சினும் எரிபொருளின் வெப்பத்தில் 41 சதவீதம் வரை உழைப்பாக மாற்றக்கூடியது. பழையதில் மொத்தம் சுமார் 205 குதிரைத்திறன், புதியதில் 218. எண்ணிக்கையில் இது பெரிய வித்தியாசமில்லை. ஆனால் ஈ.சி.ஆரில் லாரியை முந்தும்போது பழைய வண்டி எஞ்சின் சத்தத்தை முதலில் ஏற்றி, வேகத்தைக் கொஞ்சம் தாமதித்துத் தரும். புதியதில் சத்தமும் வேகமும் சேர்ந்தே ஏறுகின்றன.

இனி மைலேஜ். பழைய வண்டிக்கு அராய் (இந்திய வாகனச் சோதனை அமைப்பு) சோதனையில் சொன்னது லிட்டருக்கு 19.16 கிலோமீட்டர். நம் கையில் அது பதினைந்து, பதினாறு, ஈ.சி.ஆரில் எண்பதைத் தாண்டாமல் நிதானமாகப் போனால் பதினேழு, பதினெட்டு. என் வண்டி அதைவிட இரண்டு, மூன்று கிலோமீட்டர் கூடுதலாகத் தருகிறது. அவ்வளவுதான். இந்த வித்தியாசத்துக்காக மட்டும் புதியதை வாங்கினால் போட்ட காசு திரும்பாது. நூறைத் தாண்டி ஓட்டினால் இரண்டுமே சாதாரண பெட்ரோல் வண்டி மாதிரிக் குடிக்கும். ஹைபிரிட் சம்பாதித்துக் கொடுப்பது நின்று நின்று போகும் ஊருக்குள்தான். இந்திரா காந்தி சிலையிலிருந்து மரப்பாலம், முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் பாலம் தாண்டும் வரை சாயங்கால நெரிசலில் ஊர்ந்து பாருங்கள்; பாதி நேரம் எஞ்சின் அணைந்தே இருக்கும். ஏ.சி. கம்ப்ரஸர் மின்சாரத்திலேயே ஓடுவதால் எஞ்சின் நின்றாலும் குளிர் குறையாது. சித்திரை வெயிலில் சிக்னலில் நிற்கும்போது இதன் அருமை தெரியும். இந்தச் சுகம் 2015 வண்டியிலும் அப்படியே இருக்கிறது.

பெட்ரோல் டேங்க் விஷயத்தில் பழையதே மேல். அது 65 லிட்டர் பிடிக்கும், என்னுடையது 50தான். கடலூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. தமிழ்நாட்டைவிட இங்கே புதுச்சேரியில் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்பதால், எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டி வரும்போதெல்லாம் அண்ணன் முழு டேங்க் நிரப்பிக்கொண்டுதான் திரும்புவார். அப்புறம் இரண்டு வாரத்துக்கு அவர் கடலூரில் பங்க் பக்கமே போவதில்லை.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடலோரத்தில் ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. இந்த வண்டிகளில் பிரேக்கை மிதித்தால் முதலில் பிடிப்பது பிரேக் பேட் இல்லை, மோட்டார். சக்கரத்தின் ஓட்டத்தை மின்சாரமாக்கிப் பாட்டரிக்கு அனுப்பியபடி வேகத்தைக் குறைக்கிறது. வண்டி நிற்கப்போகும் கடைசி நேரத்திலும், அழுத்தி மிதிக்கும்போதும்தான் பேட் வந்து டிஸ்க்கைப் பிடிக்கிறது. அதனால் பேட் தேயவே தேயாது. பழைய வண்டியில் முதல் செட் பேட் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி ஓடியது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உரசாத டிஸ்க்கில் துரு ஏறும். நம் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறதே! நாலு நாள் வண்டியை எடுக்காமல் விட்டால் சக்கரத்தின் ஆரங்களுக்கு நடுவே பாருங்கள், டிஸ்க் முழுக்கச் செங்காவி நிறம் படிந்திருக்கும். சாதாரணக் காரில் முதல் சிக்னலிலேயே அது உரசிப் போய்விடும். ஹைபிரிடில் போகாது, அடுத்த நாளும் இருக்கும். பின்சக்கரத்தில் நிலைமை இன்னும் மோசம். டிஸ்க்கின் உள்பக்கம் பள்ளம் விழுந்து, பேடை அழுத்தும் காலிப்பரின் ‘பின்’ என்கிற கம்பி இறுகி, ஒரு பேட் மட்டும் ஒட்டிக்கொண்டே ஓடும். பழைய வண்டியில் பின்பக்கம் கரகரவென்று சத்தம் வந்தபோது ஒரு சர்வீஸ் நிலையத்தில், “பேட் நிறைய இருக்கு சார், ஒன்றும் இல்லை” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நெல்லித்தோப்பில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக்தான் சக்கரத்தைக் கழற்றி, பின்னை வெளியே இழுத்துக் காட்டினார். கிரீஸ் காய்ந்து, பின் பழுப்பேறிக் கிடந்தது. “அண்ணே, பேட் தேய்ஞ்சா மாத்தலாம். இது தேயாம கெட்டுப்போகுது” என்றார்.

அதிலிருந்து இரண்டு வண்டிக்கும் ஒரே வைத்தியம். மழைக்காலம் முடிந்ததும் நாலு காலிப்பரையும் கழற்றிச் சுத்தம் செய்து புது கிரீஸ் வைத்துவிடுவோம். வாரத்துக்கு ஒரு தடவை, பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, காலிச் சாலையில் கியரை நியூட்ரலில் போட்டு நாலைந்து முறை பிரேக்கை மிதிப்போம். நியூட்ரலில் மோட்டார் மின்சாரம் எடுக்காது. பேட்தான் பிடித்தாக வேண்டும். துரு உரசிப் போய்விடும்.

மிதிக்கும் உணர்விலும் வித்தியாசம் உண்டு. பழையதில் மோட்டாரிலிருந்து பேடுக்குக் கை மாறும் இடம் காலுக்குத் தெரியும். நிற்கும்போது ஒரு சின்ன வெட்டு இருக்கும். அம்மாவுக்குக் கழுத்து வலி இருந்த சமயத்தில் அண்ணன் அதற்கென்றே காலை மெதுவாக எடுக்கப் பழகினார். புதியதில் அந்த இணைப்பைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். இரண்டு தலைமுறைக்கும் நடுவில் ஹைபிரிட் அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த முன்னேற்றம் இதுதான்.

பாட்டரி விஷயத்துக்கு வருவோம். பழைய வண்டி ஒரு லட்சத்து எழுபதாயிரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. பெரிய பாட்டரி இன்னும் அதேதான். காரணம் எளிது. இந்த வண்டிகள் பாட்டரியை முழுசாக நிரப்புவதும் இல்லை, முழுசாக வடிப்பதும் இல்லை. நடுவிலேயே வைத்து ஓட்டுகின்றன. அதற்கு எமன் சூடும் தூசியும்தான். பாட்டரியைக் குளிர வைக்கும் விசிறி, வண்டிக்குள் இருக்கும் காற்றைத்தான் உறிஞ்சுகிறது. கட்டுமானத் தூசி, கடற்கரை மணல், தலைமுடி எல்லாம் அந்த வழியில் போய் அடைத்துக்கொள்ளும். புதியதில் அந்த வாய் பின்சீட்டின் கீழே இருக்கிறது. சில்வர் பீச்சுக்குப் போய்விட்டு மணல் காலோடு பிள்ளைகள் ஏறினால் நேராக அங்கேதான் கொட்டும். பை, போர்வை எதையும் அதை மறைத்து வைக்காதீர்கள். வெயில் காலத்துக்கு முன்னால் விசிறியைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், சொன்னால்தான் செய்வார்கள்.

உண்மையில் இரண்டு வண்டியையும் நடுவழியில் நிறுத்தியது சாதாரண 12 வோல்ட் பாட்டரி. பெரிய பாட்டரி நிறைந்திருந்தாலும் சின்னது செத்தால் வண்டி ‘ரெடி’ நிலைக்கு வராது. கம்ப்யூட்டர்களை எழுப்பிவிடுவது அதுதான். எஞ்சினைச் சுற்றத் தனி ஸ்டார்ட்டரே இல்லாததால் பாட்டரி இளைப்பதும் காதுக்குத் தெரியாது. நான் மூன்று வருடம் முடிந்தால் கேட்காமலே மாற்றிவிடுகிறேன்.

பெரிய மாற்றம் அந்தப் பெரிய பாட்டரி இருக்கும் இடத்தில்தான். பழையதில் அது பின்சீட்டுக்குப் பின்னால் நின்று டிக்கியின் பாதியைத் தின்றுவிடும். இரண்டு பெரிய சூட்கேஸ் வைத்தால் மூன்றாவதை மடியில்தான் வைக்க வேண்டும். புதியதில் பாட்டரி பின்சீட்டுக்கு அடியில் போனதால் டிக்கி 524 லிட்டர். சீர்வரிசைத் தட்டுகளே தாராளமாகப் போகும். எடை கீழே இறங்கியதால் வளைவில் வண்டி தரையோடு ஒட்டிப் போகிறது. ஏற்காடு மலையில் இது நன்றாகத் தெரிந்தது: பழையது கொண்டை ஊசியில் சாய்ந்து எழும், புதியது சும்மா திரும்பிவிடும். இறக்கத்தில் பாதி தூரத்திலேயே பாட்டரி நிரம்பிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்குமேல் எஞ்சின்தான் வேகத்தைப் பிடிக்கும். பழையதில் கியரை ‘பி’யில் (B; பார்க்கிங்குக்கான P இல்லை) போட வேண்டும், புதியதில் ‘எஸ்’ஸில். திடீரென எஞ்சின் உறுமினால் பயப்பட வேண்டாம்.

ஆனால் பாட்டரி கீழே போனதில் ஒரு கவலையும் கூடவே வந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 48 சென்டிமீட்டரை ஒட்டி மழை கொட்டியது. தாழ்வான நகர்களில் வீட்டுக்குள்ளேயே முழங்கால் தண்ணீர். வண்டிக்குள் தண்ணீர் புகுந்தால் முதலில் நனைவது தரை. புதிய வண்டியில் பாட்டரி அதற்கு மேலேதான் உட்கார்ந்திருக்கிறது. பழையதில் இன்னும் கொஞ்சம் உயரம் இருக்கிறது. மழை அறிவிப்பு பார்த்ததுமே என் வண்டியை மேட்டுப் பகுதியில் இருக்கும் சித்தப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். ரெயின்போ நகர் மாதிரி வருடா வருடம் தண்ணீர் தேங்கும் பகுதியில் இருப்பவர்கள் இதை யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது ஏறி இறங்குவது. புதிய வண்டியின் கூரையும் தாழ்வு, இருக்கையும் தாழ்வு. பார்க்க அம்சமாக இருக்கிறது; ஓட்டுபவருக்குக் கால் நீட்டி உட்காரச் சுகம். முட்டி வலி உள்ளவர்களுக்கு அது சோதனை. “இதுல உக்காந்தா பள்ளத்துல உக்காந்தாப்பல இருக்குப்பா, அண்ணன் வண்டியே வரட்டும்” என்பார் அம்மா. ஜிப்மருக்குப் போகும்போதெல்லாம் கடலூரிலிருந்து பழைய வண்டிதான் வரும். 18 அங்குல சக்கரத்தில் மெல்லிய டயர் என்பதால் தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் பக்கத்து வேகத்தடைகளில் புதியதைக் குறுக்காக ஏற்றி இறக்க வேண்டியிருக்கிறது. நாலு பேர் உட்கார்ந்தால் அடி தட்டும். பழையது சோபாவைப் போல அலுங்காமல் தாண்டும்.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகு இரண்டிலும் மைலேஜ் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதால் இது எதிர்பார்த்ததுதான். பழைய வண்டியின் ரப்பர் குழாய்களை மட்டும் சர்வீஸில் ஒவ்வொரு தடவையும் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

2024 டிசம்பரில் இன்னொரு தலைமுறை வந்துவிட்டது. வந்தபோது ஷோரூம் விலை 48 லட்சம், லித்தியம் அயான் பாட்டரி, 230 குதிரைத்திறன், அறிவித்த மைலேஜ் 25.49. ஒரு நண்பரின் வண்டியைத் திண்டிவனம் வரை ஓட்டிப் பார்த்தேன். மின்சாரத்தில் ஓடும் நேரம் கூடியிருக்கிறது, எஞ்சின் வந்து போவது இன்னும் சன்னமாகத் தெரிகிறது. நன்றாக இருக்கிறது; ஆனாலும் என் வண்டியை விற்றுவிட்டு வாங்கும் அளவுக்கு என் மனம் இழுக்கவில்லை.

பழையதை எடுக்க நினைப்பவர்கள் நான் சொன்ன மூன்றையும் பாருங்கள்: பின்பிரேக் டிஸ்க்கின் உள்பக்கம், பாட்டரி விசிறி, 12 வோல்ட் பாட்டரியின் வயது. பெரிய பாட்டரியை ஸ்கேனர் போட்டு, ஒவ்வொரு பகுதியின் வோல்டேஜும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்; ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், இல்லை விட்டுவிடுங்கள். புதிய ஹைபிரிட்களின் பாட்டரிக்கு 2021 ஆகஸ்ட் முதல் எட்டு வருடம் அல்லது ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர் வாரண்டி வந்துவிட்டது. 2015 வண்டிக்கு அந்தத் துணை இல்லை. அண்ணன் வண்டிக்கு 2030-இல் பதினைந்து வருடம் முடிகிறது. அதற்குள் பாட்டரி போனாலும் மாற்றிப்போட்டு ஓட்டுவது, எஃப்.சி. (தகுதிச் சான்று) புதுப்பிப்பது என்றுதான் பேசி வைத்திருக்கிறோம்.