வெளி டர்போ போட்ட பிக்கப்: இழுவைக்குக் குறையில்லை, ஆயில் புகைதான் உயிரை வாங்குது

குடியாத்தத்தில் வண்டி ஓட்டும் நண்பர் ஒருவர் கேட்டார். "உங்க வண்டியில போட்டிருக்கிற அதே டர்போவை நானும் போடலாமாண்ணா? விலை இறங்கியிருக்காம்." போனில் ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது, அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன். டர்போ என்றால், இன்ஜினிலிருந்து வரும் புகையின் வேகத்தில் சுற்றி இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சாமான்.

என்னுடையது 2016 மாடல் பிக்கப், பி.எஸ்.3 (பழைய புகை விதி) வண்டி. வி.கோட்டா மண்டியிலிருந்து தக்காளி, இலவம்பாடி பக்கமிருந்து முள்ளுக்கத்தரி, எல்லாம் வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு. கம்பெனி டர்போ போனதும், அதன் விலையில் பாதிகூட வராத, வேறு ஆட்கள் செய்த வெளி டர்போ ஒன்றை வாங்கிப் போட்டேன். போட்டு வருஷக்கணக்கில் ஆகிவிட்டது, ஓட்டமும் நன்றாகவே ஓடிவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அதுதான் நியாயம். இழுவையில் கம்பெனி டர்போவுக்கு இது ஒரு பிடி கூடத்தான். பேர்ணாம்பட்டு தாண்டி பத்தலப்பல்லி மேட்டில் சிமென்ட் மூட்டையோடு ஏறும்போது, முன்பு இரண்டாவது கியருக்கு இறங்க வேண்டிய வளைவுகளில் இப்போது மூன்றாவதிலேயே மூச்சு வாங்காமல் போகிறது. விசில் சத்தம் இல்லை, மைலேஜும் குறையவில்லை. அக்னி நட்சத்திர வெயிலில், வேலூர் வெயில் எப்படி என்று சொல்லவே வேண்டாம், லோடு வைத்துக்கொண்டு ஹைவேயில் அடித்தாலும் ஒரு நாளும் என்னை நடுவழியில் விட்டதில்லை.

ஆனால் அந்தப் புகை. காட்பாடி ரயில்வே மேம்பாலத்து நெரிசலில் வண்டி கொஞ்ச நேரம் ஐட்லிங்கில் நின்றுவிட்டு, வழி கிடைத்து ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னால் ஒரு நீல மேகம். பைக்கில் வருகிறவர்கள் துப்பட்டாவையும் கர்சீப்பையும் எடுத்து மூக்கைப் பொத்துவார்கள். கருப்புப் புகை என்றால் டீசல் கூடுதலாகப் போகிறது அல்லது காற்று போதவில்லை என்று அர்த்தம், அதற்கு வழி உண்டு. நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. என் வண்டிக்கு எப்.சி. (தகுதிச் சான்று) இப்போது வருஷா வருஷம், அந்தப் புகையோடு போய் நிற்க முடியுமா?

வேலூரில் முதலில் காட்டிய ஷெட்டில் சைலன்சர் பின்னால் ஒரு தடவை பார்த்துவிட்டு, "ரிங் போயிடுச்சு, ஹாஃப் இன்ஜின் வேலை பண்ணணும்" என்றார்கள், அதாவது பிஸ்டன் ரிங் தேய்ந்து இன்ஜினே ஆயில் எரிக்கிறதாம். டர்போ விற்ற கடையில், "உங்க இன்ஜின்தான் ஆயில் தள்ளுது சார், எங்க சரக்குல குறையே வராது" என்றார்கள். ரொம்ப சண்டை போட்ட பிறகு வாரண்டியில் உள்ளே இருக்கிற கோரை (ஷாஃப்டும் பேரிங்கும் உள்ள நடுப்பகுதி) மட்டும் மாற்றித் தந்தார்கள். புது கோரிலும் அதே புகை. இத்தனைக்கும் காரணம் தேடி இரண்டு இடத்திலும் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை, இப்போது நினைத்தாலும் எரிகிறது.

கடைசியில் பேர்ணாம்பட்டில் ஒரு பாயிடம் போனேன். வயசானவர், அதிகம் பேச மாட்டார். முதலில் ஆயில் மூடியைத் திறந்து, அதைக் குப்புற அந்த வாயின் மேலேயே வைத்து ஐட்லிங்கில் விட்டார். ரிங் தேய்ந்து பேக் கம்ப்ரஷன், அதாவது கீழே கசிகிற காற்று, நிறைய இருந்தால் மூடி குதித்து விழுந்துவிடும். இது லேசாகத்தான் ஆடியது. அப்புறம் டர்போவையே இறக்கி, இன்ஜின் புகை டர்போவுக்கு வரும் மேனிஃபோல்டுக்குள் டார்ச் அடித்து என்னைக் கூப்பிட்டார். "இங்க பாருங்க தம்பி, மேனிஃபோல்டு காஞ்சு கிடக்குது. இன்ஜின் ஆயில் தள்ளுனா மொத ஈரம் இங்கதான தெரியணும்? டர்போவுக்கு அந்தப் பக்கம் பாருங்க." அந்தப் பக்கம், புகை வெளியேறும் டர்பைன் வாயிலும் அதற்கடுத்த பைப்பிலும், ஆயில் பளபளவென்று வழிந்து கிடந்தது. டர்போ தள்ளும் காற்றை ஆற்றுகிற இன்டர்கூலரின் ஹோசுக்குள்ளும் சொட்டு நின்றது. இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிரீதர் வழியாக வரும் ஆவியால் அந்த ஹோசில் மெல்லிய பசை இருப்பது சகஜம், ஆனால் சொட்டு நிற்கக் கூடாது.

சரி, அப்போது டர்போதான் மோசம் என்று நானும் குதித்தேன். பாய் தலையாட்டவில்லை. ஷாஃப்டைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துக் காட்டினார், ஆட்டமே இல்லை. பக்கவாட்டில் மட்டும் கொஞ்சம் ஆடியது. புஷ் பேரிங் டர்போவில் அது இருக்கத்தான் செய்யும், ஆயில் ஏறினதும் ஷாஃப்ட் அந்த ஆயில் படலத்தில்தான் மிதக்கும், வீல் (ஷாஃப்டில் உள்ள விசிறி) போய் ஹவுசிங்கில் (வெளிக்கூட்டில்) உரசாத வரை பயமில்லை. முன் பின் ஆட்டம்தான் கைக்குத் தெரியவே கூடாது.

நிறைய பேருக்குத் தெரியாதது இதுதான். டர்போவுக்குள் நாம் நினைக்கிற மாதிரி ரப்பர் சீல் கிடையாது. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற ஷாஃப்டில், அந்தச் சூட்டில், ரப்பர் நிற்காது. பிஸ்டன் ரிங் மாதிரி சின்ன வளையங்கள்தான் இரண்டு பக்கமும். ஆயில் உள்ளே பம்ப் பிரஷரில் வரும், வெளியே போவது வெறும் சரிவில், தன் எடையில் மட்டும். அதிலும் பேரிங்கில் அடிபட்டு வெளியே வரும் ஆயில் கடைந்த மோர் போல நுரைத்துத்தான் வரும், அதனால்தான் வருகிற பைப் ஒல்லியாகவும் போகிற பைப் அகலமாகவும் வைத்திருக்கிறார்கள். அந்தப் போகிற வழியில் ஒரு தடங்கல் இருந்தால் ஆயில் உள்ளேயே நிரம்பி, அந்த வளையங்களைத் தாண்டி இரண்டு பக்கமும் வழியும். ஐட்லிங்கில் பூஸ்ட் (டர்போவின் காற்றழுத்தம்) கிடையாது, எதிர்த்துத் தள்ளக் காற்றில்லை, ஏர் ஃபில்டரும் அடைத்திருந்தால் அதுவே ஆயிலை உறிஞ்சும். அதனால்தான் நின்று கிளம்பும்போது மட்டும் அந்த மேகம்.

பாய் செய்த சோதனையை அப்படியே சொல்கிறேன். டர்போவைத் திரும்ப ஏற்றி, டர்போ காற்றைத் தள்ளும் கம்ப்ரஸர் வாயிலிருந்து இன்டர்கூலர் ஹோசைக் கழற்றி, வாயின் உள்விளிம்பை பனியன் துணியால் சுத்தமாகத் துடைத்தார். ஐட்லிங்கில் விட்டுக் காத்திருந்தோம். விளிம்பின் அடியில் முதலில் ஒரு கருப்புக் கோடு, அப்புறம் அது தடித்து ஒரு முத்து, அப்புறம் சொட்டு. வண்டியை அணைத்து, டர்போவிலிருந்து ஆயில் திரும்பிப் போகும் ரிட்டர்ன் ஹோசை இன்ஜின் பிளாக்கிலிருந்து பிடுங்கி, பிளாக் ஓட்டையை அடைத்துவிட்டு, நேர் கீழே ஒரு பக்கெட்டுக்குள் ஆயில் விழுகிற மாதிரி வேறு ஹோஸ் போட்டார். மறுபடி துடைத்து மறுபடி ஐட்லிங். விளிம்பு காய்ந்தே இருந்தது. (இதைச் செய்கிறவர்கள் டிப் ஸ்டிக்கின் மேல் கண்ணாக இருங்கள், ஆயில் வெளியே போய்க்கொண்டே இருக்கும், ரேஸ் பண்ணவே கூடாது.)

ஆக டர்போவும் நல்லது, இன்ஜினும் நல்லது. கோளாறு ரிட்டர்ன் வழியில். கடைக்காரர்கள் அனுப்பிய கோர் ஹவுசிங்கில் பூட்டியிருந்த கோணமே தப்பு, ஆயில் ஓட்டை நேர் கீழே பார்க்காமல் சாய்ந்து நின்றது. நேர் கீழிலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது என்பது டர்போக்காரர்களின் கணக்கு. கூடவே கொடுத்த ரப்பர் ஹோஸ் நடுவில் தொங்கி வயிறு விட்டிருந்தது, அந்தப் பள்ளத்தில் ஆயில் தேங்கி நிற்கும். போதாததற்கு, பூட்டிய ஷெட்டில் ஃபிளாஞ்சுக்கு சிலிகான் கம்மை அப்பியிருந்தார்கள், அது உள்பக்கம் பிதுங்கிக் காய்ந்து பாதி ஓட்டையை மூடியிருந்தது. அங்கே பேப்பர் கேஸ்கட்தான் போட வேண்டும். பிரீதர் ஹோசிலும் கசடு. பிரீதர் அடைத்தால் ஆயில் தங்கும் சம்ப்புக்குள் பிரஷர் ஏறி, கீழிருந்தே ஆயிலை இறங்கவிடாது.

பாய் ஹவுசிங் போல்ட்டுகளைத் தளர்த்தி கோரைத் திருப்பினார், தொய்வில்லாமல் ஒரு அகலமான இரும்பு பைப் வளைத்துப் போட்டார், பிரீதரைக் கழுவினார். அன்றைக்கே புகை நிற்கவில்லை. சைலன்சருக்குள் ஊறிய ஆயில் எரிந்து தீர வேண்டும், லோடோடு மேடு ஏறி ஏறித்தான் தீர்ந்தது. அதற்குள் இரண்டு பேர் மறுபடி டர்போ மாற்றச் சொன்னார்கள். இன்டர்கூலரில் தேங்கியதை மட்டும் முதலிலேயே கழற்றி வடித்துவிடுங்கள். அங்கே ஆயில் நிறைய சேர்ந்து மொத்தமாக உள்ளே போனால் டீசல் இன்ஜின் அதையே குடித்து, சாவியைத் திருப்பினாலும் அணையாமல் தறிகெட்டு ரேஸ் ஆகும். அப்படி ஆனால் பெரிய கியரில் போட்டு, பிரேக்கை முழுசாக மிதித்து, கிளட்சை விட்டு அணைக்க வேண்டும்.

இன்றைய நிலைமை? பெரும்பாலும் சுத்தம். ஆனால் ரொம்ப நேரம் ஐட்லிங்கில் நின்று எடுத்தால் இன்னும் ஒரு மெல்லிய நீலம் வருகிறது. காரணம், கோரை முழுக்க நேராகத் திருப்ப முடியவில்லை, பூஸ்டைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டரின் பிராக்கெட் வந்து இடிக்கிறது. அந்த பிராக்கெட்டை ஒரு விரல் தள்ளி வார்த்திருந்தால் தீர்ந்தது. வீலை அவ்வளவு நேர்த்தியாகச் செய்யத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா?

அதனால் என் பதில்: இத்தனை இழுவை, இத்தனை நாள் உழைப்பு, எல்லாம் உண்மைதான், இருந்தும் இதை நான் மறுபடி வாங்க மாட்டேன், உங்களுக்கும் சொல்ல மாட்டேன். விலை பாதியாக இறங்கினாலும் சரி. இல்லை, கம்பெனி டர்போவுக்குப் பணம் புரளவில்லை, இதைத்தான் வாங்கியாக வேண்டும் என்றால், உங்கள் பழைய டர்போவைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஆயில் ரிட்டர்ன் ஓட்டை பார்க்கிற திசையைப் பாருங்கள். கம்பெனி இரும்பு ரிட்டர்ன் பைப் அதில் அப்படியே உட்காரவில்லை என்றால் பணம் கொடுக்காமல் வந்துவிடுங்கள்.