சோல்பரி பிரபு கைநூல்: வாங்கலாம், பென்சிலும் சேர்த்து

திருகோணமலைப் புத்தகக் கடைகளில் உயர்தர அரசியல் விஞ்ஞானக் குறிப்புகளோடு சேர்த்து ஒரு மெல்லிய கைநூலும் வைத்திருக்கிறார்கள். சோல்பரி பிரபுவின் வாழ்க்கை வரலாறு, 48 பக்கம், 350 ரூபா. வெளியிட்டவர் பெயர் இங்கே வேண்டாம்.

சோல்பரி என்றால், அவர் தலைமையிலான ஆணைக்குழுவின் பெயரில் சுதந்திரத்தோடு வந்த இலங்கையின் அரசியல் யாப்பு என்று மட்டுமே படித்த பிள்ளைகளுக்கு இது ஆளைக் காட்டுகிறது. இயற்பெயர் ஹெர்வால்ட் ராம்ஸ்பொத்தம். 1887இல் பிறந்து 1911இல் பாரிஸ்டரானவர். 1929 முதல் 1941 வரை இங்கிலாந்தின் லங்காஸ்டர் தொகுதியின் கன்சர்வேட்டிவ் எம்.பி.; ஓய்வூதிய அமைச்சையும் பின்னர் கல்வித் துறையையும் பார்த்தவர். இவ்வளவும் சரி. ஆனால் 1929 தேர்தலில் 'சோல்பரி பிரபு வென்றார்' என்று எழுதியிருப்பது பிழை. அந்தப் பட்டம் வந்ததே 1941இல்தான். அன்றைய விதிப்படி பிரபுவாகிவிட்டால் பிரித்தானிய மக்கள் சபையில் இருக்கவும் முடியாது. அந்த வரியில் பெயரை ராம்ஸ்பொத்தம் என்று பென்சிலால் மாற்றிக்கொள்ளுங்கள்.

நூலுக்குக் கொடுத்த காசு 24ஆம், 25ஆம் பக்கங்களில் இருக்கிறது. சோல்பரி யாப்பின் பாராளுமன்ற ஆசனக் கணக்கைக் கிழக்கு மாகாணத்தை வைத்தே போட்டுக் காட்டுகிறார்கள். 75,000 பேருக்கு ஓர் ஆசனம். 1931 கணக்கெடுப்பில் கிழக்கின் சனத்தொகை இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல், வகுத்தால் மூன்றை ஒட்டி வருவதால் 3. ஆயிரம் சதுர மைலுக்கு இன்னோர் ஆசனம். பரப்பு நாலாயிரத்தை ஒட்டி வருவதால் 4. மொத்தம் 7. நாடு முழுக்க இப்படி 70உம் 25உம் சேர்ந்து 95. நியமன உறுப்பினர் 6 பேரோடு 101. ஆட்கள் குறைந்த, காடும் வயலும் கூடிய மாகாணத்துக்கு நிலம் எப்படி ஆசனமாகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது கடினம். மனப்பாடம் செய்யாமல் மாணவரே ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டும்.

ஆனால் அந்தப் பரப்பு ஆசன யோசனையை சோல்பரியின் கணக்கில் எழுதியது தவறு. அது ஆணைக்குழு வருமுன்பே, 1944இல் இலங்கை அமைச்சர்கள் தயாரித்த யாப்பு வரைவில் இருந்தது. 1944 டிசம்பரில் வந்த ஆணைக்குழு அதை ஏற்றுக்கொண்டது, அவ்வளவே. ஆணைக்குழு தானாகச் சேர்த்தது செனற் சபை என்ற இரண்டாவது சபையை. பரீட்சையில் இந்த இரண்டும் இடம் மாறினால் புள்ளி போகும்.

யாப்பின் பிரிவு 29(2)ஐ 'அடிப்படை உரிமைகள்' என்று தலைப்பிட்டதும் சரியில்லை. ஒரு சமூகத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமாகவோ சலுகையாகவோ பாராளுமன்றம் சட்டம் இயற்றக்கூடாது என்ற தடைதான் அது. உரிமைப் பட்டியல் அல்ல. மலையகத் தமிழரைப் பாதித்த பிரஜாவுரிமைச் சட்ட வழக்கில் 1953இல் லண்டனில் இருந்த உச்ச மேன்முறையீட்டு மன்றமான கோமறைக் கழகத்தின் முன் அந்தத் தடை கைகொடுக்கவில்லை. உரிமைகளை யாப்பிலேயே பதித்திருக்கவேண்டும் என்று சோல்பரியே 1963இல் ஒரு நூலின் முன்னுரையில் எழுதினார். அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் நூல் இதை விட்டிருக்கிறதே! ஆசனங்களில் பாதி சிங்களவருக்கு, பாதி ஏனைய சமூகங்களுக்கு என்ற ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கைக்கு மூன்று பக்கம் கொடுத்தவர்கள் இதற்கு மூன்று வரி கொடுத்திருக்கலாம்.

இன்னும் இரண்டு திருத்தம். சுதந்திர இலங்கையில் முடியின் பிரதிநிதியாக இருந்த முதல் மகாதேசாதிபதி சோல்பரி அல்ல, ஹென்றி மொங்க்-மேசன் மூர். சோல்பரி 1949 முதல் 1954 வரை இருந்தவர். அடுத்தது, யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமியின் சீடரானவர் இவரல்ல, மூத்த மகன் ஜேம்ஸ். சந்தசுவாமி, சோல்பரி சுவாமி என்றெல்லாம் நம்மவர் அழைத்தது அவரைத்தான். தகப்பன் 1971இல் இறந்தபின் பட்டமும் மகனுக்குப் போனதால் இந்தக் குழப்பம் வருகிறது.

கட்டு படுமோசம். நடுவில் இரண்டே ஸ்டேப்பிள் கம்பி. நம்ம ஊர்க் கடற்காற்றில் கம்பி துருவேறி, முதலில் கழலுவது நடுத்தாள். அதாவது அந்த ஆசனக் கணக்குத் தாள். வாங்கியதும் கம்பியைக் கழற்றி, நடு மடிப்பில் மூன்று துளை இட்டுப் பருத்தி நூலால் தைத்துவிடுங்கள். உள்ளிருந்து தொடங்கி நடுத்துளையால் வெளியே, மேல் துளையால் உள்ளே, கீழ்த் துளையால் வெளியே, திரும்ப நடுத்துளையால் உள்ளே வந்து, நீளத் தையலுக்கு இரு பக்கமும் நிற்கும் நூல் முனைகளை அதன் மேல் முடிச்சுப் போடுங்கள்.