கடலைக் காக்கும் வேலை: கணினித் திரையா, படகுக் கூரையா?

2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் 600-க்கும் மேற்பட்ட கண்டெய்னர்களோடு மூழ்கியது. சில நாளில் திருவனந்தபுரம் கரை முழுக்க வெள்ளை மணிகள். அப்புறம் பொழியூர், நீரோடி தாண்டி எங்கள் குமரி மாவட்டக் கரைக்கும் வந்துவிட்டன. கையில் அள்ளினால் ஜவ்வரிசி போலவே இருக்கும், அத்தனையும் பிளாஸ்டிக். ஈர மணலைக் கிளறினால் அடியிலும் கிடக்கும். சல்லடையில் சலித்தால் மணல் இறங்கிவிடும், சிப்பித் துண்டும் மணியும் தங்கும். பிறகு ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்க வேண்டும்.

அப்படிப் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அக்கா மகன் கேட்டான்: "மாமா, நான் படிச்ச படிப்புக்கு இந்தக் கடல் பக்கம் வேலை உண்டா?" எலெக்ட்ரானிக்ஸ் முடித்தவன். நான் திருவனந்தபுரத்தில் செயற்கைக்கோள் படங்களை வைத்து மென்பொருள் எழுதுகிறவன். "உண்டு மக்களே, ஆனா ரெண்டு வழி இருக்கு" என்றேன். அன்று பாதியில் விட்ட பேச்சை இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

முதலாவது என் வழி, திரை முன்னால் உட்காரும் வேலை. கப்பல் மூழ்கியதும் எண்ணெயும் கண்டெய்னரும் எந்தக் கரைக்கு ஒதுங்கும் என்று கணித்தாக வேண்டும். காற்றும் நீரோட்டமும் எவ்வளவு, எந்தப் பக்கம் என்று பார்த்து ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனம் அந்தக் கணக்கைப் போடுகிறது. காணாமல்போன படகைத் தேடவும் அதே வகைக் கணக்குதான். கடலின் நிறத்தையும் மேற்பரப்புச் சூட்டையும் பார்த்து மீன் கூடும் இடத்தைச் சொல்வதும் அவர்களே. 2022 நவம்பரில் ஏவப்பட்ட ஓஷன்சாட்-3 செயற்கைக்கோள் கடலின் நிறத்தை 13 அலைவரிசைகளில் பிரித்துப் பார்க்கிறது.

இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்தது, கற்க யாரிடமும் போய் நிற்க வேண்டாம் என்பதுதான். உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழம்வரை போய், ஏறி வரும்போது வெப்பத்தையும் உப்பையும் அளந்து அனுப்பும். அத்தனை தரவும் இலவசம். 10 மீட்டர் நுணுக்கமுள்ள சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களும் இலவசம். பைத்தான் என்ற நிரல்மொழியும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளும் தெரிந்தால் கொல்லங்கோட்டில் வீட்டுத் திண்ணையில் இருந்தே வேலையைத் தொடங்கிவிடலாம். 2022 முதல், எம்டெக் சேர எழுதும் கேட் (GATE) தேர்வில் ஜியோமேட்டிக்ஸ் என்ற நில அளவை, வரைபடத் துறை தனித் தாளாகவே வந்துவிட்டது. கடல் வேலை கிடைக்காவிட்டாலும் இதே திறமைக்கு வேளாண்மை, காப்பீடு என்று வேறு இடங்கள் உண்டு. குடும்பச் சுமை உடனே தலையில் ஏறுகிறவர்கள் யோசிக்காமல் இதற்கே வரலாம்.

ஆனால் இந்த வழியின் குறை என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஜூன், ஜூலையில் கடல் சீறி எங்கள் கரையைத் தின்னும். சரியாக அந்த மாதங்களில்தான் மழைமேகம் மூடிக்கொள்ளும். சாதாரணப் படம் எடுக்கும் செயற்கைக்கோளில் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. மேகத்தை ஊடுருவும் ரேடார் படம் உண்டு, ஆனால் அது நிறத்தைக் காட்டாது. சரி, அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை படகுகள் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தன. எச்சரிக்கை கரையில் ஒலித்தது. படகில் இருந்த வயர்லெஸ் கரைக்குப் பக்கத்தில் மட்டுமே பேச உதவும். எத்தனை வீடுகளில் அந்த நாளுக்குப் பிறகு ஆண் துணை இல்லை என்பது எங்கள் பக்கத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கணிப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும், படகுக்குப் போய்ச் சேரவில்லை என்றால் அதனால் ஒரு உயிருக்கும் பயனில்லை.

அதனால்தான் இரண்டாவது வழியை, கருவி செய்கிற வேலையை, உயர்வாகச் சொல்கிறேன். ஒக்கிக்குப் பிறகு 2019-ல் ஜெமினி என்ற கருவி வந்தது. செயற்கைக்கோளிலிருந்து செய்தியை வாங்கி மொபைலுக்குத் தரும், ஆனால் படகிலிருந்து திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் படகுகளுக்கு செயற்கைக்கோள் வழியே இருபக்கமும் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் என்ற கருவியைப் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டம் தொடங்கியது. அத்தனை கருவியையும் பொருத்துவது, பழுது பார்ப்பது, அடுத்ததை இன்னும் நன்றாகச் செய்வது, எல்லாமே எலெக்ட்ரானிக்ஸ் படித்தவனுக்கான வேலை.

எங்கள் ஊர்ப் படகுகளில் பல கொச்சி தோப்பும்படியில்தான் கட்டிக் கிடக்கும். ஒருமுறை அங்கே ஒரு படகின் கேபின் கூரையில் ஏறி, வேலை செய்யாத ஒரு கருவிப் பெட்டியைப் பார்த்தேன். உறை, ஆன்டெனா எல்லாம் நன்றாகவே இருந்தன. பேட்டரிக்குப் போகும் கம்பி முனையில் பச்சைக் களிம்பு கட்டி, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. உப்புக் காற்றின் வேலை. படகை ஓட்டும் ஸ்ராங்கு சொன்னார்: "லைட் எரியல, அதனால மேல துணி காயப்போட்டோம்." சுரண்டிப் புதுக் கம்பி கொடுத்தபோது பச்சை விளக்கு எரிந்தது. ஒரு சின்ன இணைப்பை உப்பு புகாமல் வடிவமைக்கத் தெரிந்தவர் எத்தனை பேரைக் காப்பாற்றுவார் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதில் வேலை தரும் இடங்கள் குறைவு என்பதையும் மறைக்கக் கூடாது. 1993-ல் தொடங்கிய தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கிறது. கடல் மிதவைகளும், மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழம் கொண்டுபோவதற்கான மத்ஸ்யா 6000 கலமும் அவர்கள் கைவேலை. கொச்சியில் ஐரோவ் என்ற நிறுவனம் நீருக்கடியில் போகும் ரோபோ செய்கிறது. ஆராய்ச்சிப் பக்கம் பெரும்பாலும் திட்ட வேலைதான். திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். 2023 முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. ஐடி சம்பளத்தோடு ஒப்பிட்டால் சில ஆண்டுகளில் பின்தங்கித்தான் போவோம். வீட்டில் இருந்தபடி கற்கவும் முடியாது. கருவியை நனைத்துப் பார்க்க வேண்டும், உதிரிபாகம் வாங்க வேண்டும், கடலில் வாந்தி எடுக்கவும் தயாராக இருக்க வேண்டும்.

மூன்றாவதாக ஆய்வகப் பக்கம் ஒன்று உண்டு: கடல்நீரை வடிகட்டி, மீன்கள் உதிர்த்த மரபணுத் துணுக்கிலிருந்து எந்த மீன் அங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. அருமையான வேலை, ஆனால் உயிரியல் படித்தவர்களுக்கு. விழிஞ்ஞத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளையும் கொச்சி பனங்காட்டில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகமும் அவர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. எலெக்ட்ரானிக்ஸ் படித்த அக்கா மகனுக்கு அது சுற்றுவழி.

இவனுக்குக் கருவி வழிதான் என்று முடிவாகச் சொல்லிவிட்டேன். இவன் அப்பா படகுக்காரர்; கூரையில் ஏற யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், ஸ்ராங்கு மனசுவிட்டுப் பேசுவார். எனக்குக் கிடைக்காத வசதி அது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். 61 நாள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். ஒரு மல்டிமீட்டரும் சாலிடரிங் அயனும் எடுத்துக்கொண்டு பத்துப் படகில் ஏறி, எந்த இணைப்பு எப்படிக் கெட்டிருக்கிறது என்று நோட்டில் எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு எந்த எம்டெக்குக்கு விண்ணப்பிப்பது என்று பேசலாம்.